நகர்ந்து வரும் வாயில்

சென்ற திங்களில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின்னர், முன்னாளில் நம்மிடம் அரபு இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் இரும்புலியூரிலுள்ள நம் இல்லத்திற்கு வந்தார். கையில் ஒரு கடிதம் இருந்தது. அவருடைய தமக்கை மணமாகி ஐரோப்பிய நாடொன்றில் வாழ்கிறார். அவருக்குத் தலைப்பேறு. தாயார் அருகிருந்து பார்க்க வேண்டுமென விசாவுக்கு விண்ணப்பித்திருந்தனர். விண்ணப்பம் மறுக்கப்பட்டு, மறுப்புக்குரிய காரணம் இரண்டு பக்க அளவில் ஆங்கிலத்தில் வந்திருந்தது.

“ஹஜ்ரத், கடைசிப் பத்தியை மட்டும் பாருங்கள். உம்மா ஊர் திரும்பமாட்டார் என்று நினைக்கிறார்களாம். உம்மாவை அவர்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு எப்படித் தெரிந்தது?” என்றார்.

“பொறுங்கள் தம்பி, முழுவதையும் படிப்போம்” என்றோம். படித்தோம். வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு பத்தி. வீட்டுப் பத்திரத்தைப் பற்றி ஒரு பத்தி. முடிவு ஒரு பத்தி. அந்தத் தாயைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

எந்த நாடு என்பது ஈண்டு வேண்டுவதன்று. இத்தகைய கடிதங்கள் பல நாடுகளிலிருந்தும் நம் ஊர்களுக்கு வந்தவண்ணம் உள்ளன. ஆனால் அக்கடிதம் நமக்கு ஒரு நீண்ட நூலின் இறுதிப் பக்கம்போல் தோன்றிற்று. அந்நூலை முதலிலிருந்து படித்தால்தான் இறுதிப் பக்கம் விளங்கும். ஐரோப்பிய நாடுகளுள் நம் மக்களோடு நெடுங்காலத் தொடர்புடையது பிரிட்டன் ஆதலின், அந்நாட்டின் குடியேற்றச் சட்டங்களையே நாம் எடுத்துக்கொண்டோம். ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியராகிய அண்டை வீட்டு நண்பரின் துணைகொண்டு படித்ததன் பயனே இக்கட்டுரை.

இலக்கியத் திங்களிதழில் சட்டத்திற்கு என்ன வேலை என்று வாசக நேயர்கள் வினவக்கூடும். சட்டமும் சொற்களால் ஆனதே. செய்யுளுக்குத் திறனாய்வு உண்டெனில், கோடிக்கணக்கான மக்களின் வாழ்வை வகுக்கும் சொற்களுக்கு ஏன் இருத்தலாகாது? மதரஸாக்களில் உஸூல் கற்போர் ஒரு விதியைச் சில கேள்விகளால் அளப்பர். அதன் சொல் எல்லோரையும் தழுவும் ‘ஆம்’ என்னும் பொதுச்சொல்லா, சிலரை மட்டும் சுட்டும் ‘காஸ்’ என்னும் சிறப்புச்சொல்லா? முன்விதியை நீக்கிய பின்விதி எது? விதி எக்காரணத்தின் மேல் நிற்கிறது. அதாவது அதன் ‘இல்லத்’ யாது? இக்கேள்விகளையே பிரிட்டனின் சட்டங்களிடம் நாம் கேட்கிறோம்.

நாம் தொடங்கும் இடம் 1948ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தேசிய இனச் சட்டம். ஐக்கிய இராச்சியத்தையும் அதன் குடியேற்ற நாடுகளையும் சார்ந்தோர் அனைவரையும் அது ஒரே குடிமக்களாக வகுத்தது. விடுதலை பெற்ற இந்தியா, பாகிஸ்தான், இலங்கை முதலிய காமன்வெல்த் நாட்டாரையும் பிரிட்டிஷ் பிரஜைகள் என்றே ஏற்றது. கண்டியில் பிறந்தவராயினும் காரைக்குடியில் பிறந்தவராயினும், கப்பற் கட்டணம் செலுத்தி லண்டனில் இறங்கினால் அவரைத் தடுக்கப் பிரிட்டனின் சட்டத்தில் இடமில்லை. அவ்வாண்டு ஜூன் 22இல், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மக்களை ஏற்றிவந்த ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் டில்பரித் துறையை அடைந்தது. போரில் இடிந்த நாட்டிற்கு உழைக்கும் கைகள் தேவையாயிருந்தன.

இச்சட்டத்தின் இல்லத் மானிட நேயம் என்று நாம் மயங்கலாகாது. பேரரசு கலையும் வேளையில் அதன் உறவையேனும் காத்துக்கொள்வதே அதன் நோக்கம். எளியோர் பெருந்திரளாய் வருவர் என்று அதனை இயற்றியோர் எண்ணவுமில்லை. ஆயினும் சொல் பொதுவாய் இருந்தது. பொதுச்சொல்லின் பயனை எளியோரும் பெற்றனர்.

அதே 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தை இதனருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். அச்சட்டம் தோட்டத் தொழிலாளரின் பெயரைக் கூறி அவரை விலக்கவில்லை. தந்தையோ, தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது, அவ்வளவே. ஆனால் அச்சான்று எவரிடம் இராது என்பதை எழுதியவர் அறிவர். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்தோரிடம் பாட்டனின் பிறப்புச் சீட்டு ஏது? இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் நிலையைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என ஒதுக்கி வைத்தது. பங்கிடப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. சொல் பொதுவாகவும் குறி சிறப்பாகவும் அமையும் எழுத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பிரிட்டனும் விரைவில் அவ்வெழுத்தைக் கற்றுக்கொண்டது. 1962 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த காமன்வெல்த் குடியேறிகள் சட்டம், வேலைச் சீட்டு இன்றி நுழைதலைத் தடுத்தது. வேலை உறுதியானோர்க்கு ஒரு சீட்டு, தொழிற்றிறம் உடையோர்க்கு ஒரு சீட்டு, ஏனையோர்க்கு ஒரு சீட்டு என மூவகை. சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஓரெழுத்தும் இல்லை. அயர்லாந்தினரும் பெயரளவில் அதனுள் அடங்கினர். ஆனால் அவர்கள்மேல் அது நடைமுறைப்படுத்தப்படவில்லை. சட்டத்தின் பொருளை அதன் ஏட்டில் மட்டும் தேடுவோர் இதனைக் காணார். துறைமுகத்தில் தேடுவோர் காண்பர்.

1968இல் நிகழ்ந்தது இன்னும் வெளிப்படை. விடுதலை பெற்ற கென்யாவில் வாழ்ந்த இந்திய வழியினர் பலர் பிரிட்டிஷ் கடவுச்சீட்டை உடையவர். அங்கே வாழ்வு நெருக்கடியானபோது அவர்கள் பிரிட்டனுக்குப் புறப்பட்டனர். உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் காலகன் கொண்டுவந்த சட்டம் மூன்றே நாளில் இரு அவைகளிலும் நிறைவேறியது. கடவுச்சீட்டு இருந்தால் மட்டும் போதாது. தாமோ, பெற்றோருள் ஒருவரோ, பாட்டன் பாட்டியருள் ஒருவரோ பிரிட்டனில் பிறந்திருத்தல் முதலிய பிணைப்பு வேண்டும் என்றது. இலங்கை 1948இல் கேட்ட கேள்வியைப் பிரிட்டன் இருபது ஆண்டு கழித்துக் கேட்டது. கிழக்கு ஆப்பிரிக்க ஆசியரின் முறையீட்டை ஆராய்ந்த ஐரோப்பிய மனித உரிமை ஆணையம், இன அடிப்படையிலான இவ்வொதுக்கல் மனிதரை இழிவுபடுத்தும் நடத்தையே என 1973இல் கருத்துரைத்தது.

1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இப்பிணைப்புக்குப் பெயர் சூட்டிற்று. நாட்டில் தடையின்றி வாழும் உரிமையுடையவரை அது ‘பேட்ரியல்’ என்றது. தந்தைநாடு எனப் பொருள்படும் இலத்தீன் வேரில் பிறந்த, அன்றாட வழக்கில் எவரும் அறியாத சொல். தெரிந்த சொல்லால் கூற நாணும்போது அருஞ்சொல் தேடப்படுவது புலவரிடம் மட்டும் காணும் குறையன்று. ஆஸ்திரேலியர் ஒருவர், தம் பெற்றோருள் ஒருவர் பிரிட்டனில் பிறந்திருப்பின் தடையின்றி நுழைவார். பிரிட்டிஷ் கடவுச்சீட்டையே கையில் வைத்திருக்கும் நைரோபி வணிகர் நுழையார். அரபியர் இதனை ‘நஸபு’ என்பர். நாம் குலம் என்போம். சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1973 ஜனவரி 1. பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததும் அதே நாளில்தான். ஒரு கதவு சாத்தப்பட்ட நாளில் மற்றொன்று திறந்தது.

நடுவுநிலை தவறாமல் ஒன்று கூறுவோம். 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியரை விரட்டியபோது, எதிர்ப்புக்கிடையே ஏறத்தாழ 28,000 பேரைப் பிரிட்டன் ஏற்றது. நற்செயலை மறைப்பது திறனாய்வாகாது. ஆனால் அது சட்டத்தின் பொதுவழியன்று, இடுக்கண் கருதிய விலக்கு. பொதுவழி குறுகிக்கொண்டே சென்றது. 1981ஆம் ஆண்டின் சட்டப்படி, 1983 ஜனவரி முதல், பிரிட்டிஷ் மண்ணில் பிறந்தது மட்டுமே குடியுரிமைக்குப் போதாதாயிற்று. பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிலைத்து வாழ்பவராகவோ இருத்தல் வேண்டும்.

இதுவரை கண்ட சட்டங்களில் ‘யார் நுழையலாம்’ என்னும் விடைதான் மாறிற்று. கேள்வி கேட்கப்பட்ட இடம் பெரும்பாலும் பிரிட்டனின் துறையாகவே இருந்தது. 1985 முதல் அவ்விடமே மாறத் தொடங்கிற்று. நம் கருத்தில், இவ்வரலாற்றின் பெருந்திருப்பம் இதுவே; அதன் நடுவில் நின்றவர் தமிழர்.

வாயில் நகர்வது எத்தகையது என்பதை இரும்புலியூர்வாசிகளாகிய நாம் நன்கறிவோம். தென்மாவட்டப் பேருந்துகள் வந்தடையும் முனையம் பாரிமுனையிலிருந்து 2002இல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. 2023 டிசம்பர் 30 முதல் கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் இயங்குகிறது. சென்னையின் வாயில் நம் கண்முன்னே இடம் மாறியது. அதனால் பயணிக்கு நேர்வது சிறிது அலைச்சலும் கூடுதற் செலவும். ஆனால் ஒரு நாட்டின் வாயில் நகர்ந்தால் நேர்வது வேறு.

1983ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின் இலங்கைத் தமிழர் உயிர் தப்பிப் பல நாடுகளுக்கும் சென்றனர். பிரிட்டன் 1985 மே மாதம் இலங்கையர்க்கு முன்விசாவைக் கட்டாயமாக்கிற்று. காமன்வெல்த் நாடொன்றின் குடிமக்கள்மேல் அத்தகைய கட்டாயம் விதிக்கப்பட்டது அதுவே முதன்முறை. மறு ஆண்டில் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நைஜீரியா, கானா ஆகிய நாடுகளும் அப்பட்டியலில் சேர்ந்தன. 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தில் இறங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழரைத் திருப்பி அனுப்ப முற்பட்டபோது, அவர்களுட் பலர் விமானத்தின் அருகிலேயே ஆடைகளைக் களைந்து நின்றனர். மானத்தைப் பெரிதெனக் கொண்ட ஒரு மக்கள், கேட்பாரைப் பெற அதனைத் துறக்க நேர்ந்தது. அப்படம் நாளேடுகளில் வந்தது, நீதிமன்றம் தலையிட்டது, அனுப்புதல் நின்றது.

அரசு பெற்ற பாடம் என்ன? வந்தோரைச் செவ்வையாய்க் கேட்க வேண்டும் என்பதன்று. வரவே விடலாகாது என்பது. சில வாரங்களில் கொண்டுவரப்பட்டு 1987 மே மாதம் சட்டமான ஏற்றுநர் பொறுப்புச் சட்டம், உரிய ஆவணமில்லாத ஒவ்வொரு பயணிக்கும் 1,000 பவுண்டு வீதம் அவரை ஏற்றிவந்த நிறுவனத்துக்குத் தண்டம் விதித்தது. 1991இல் அது இருமடங்காயிற்று. இச்சட்டத்தில் ‘அகதியை ஏற்காதே’ என்ற தொடர் இல்லை. ஆயினும் தஞ்சம் கோருதற்கென்று விசா எதுவும் வழங்கப்படுவதில்லை. விசா இல்லாதவரை விமான நிறுவனம் ஏற்றுவதில்லை. பிரிட்டனின் மண்ணை மிதிக்காதவர் அங்கே தஞ்சம் கோரவும் இயலாது. மூன்று விதிகளையும் சேர்த்துப் படித்தால்தான் நான்காவதான எழுதாத விதி தெரிகிறது.

தாம்பரத்தில் மின்தொடர்வண்டி ஏறினால் நான்காவது நிலையம் திரிசூலம். எதிரே மீனம்பாக்கம் விமான நிலையம். பிரிட்டனின் வாயில் இன்று அங்கே, பயணச்சீட்டைச் சரிபார்க்கும் மேசையில் இருக்கிறது. மேசையில் அமர்ந்திருப்பவர் நம் வட்டாரத்து இளைஞராகவே இருக்கலாம். அவர் கொடியவர் அல்லர். பயணியின் ஊரில் என்ன நடந்தது என்று கேட்பது அவர் பணியன்று. கேட்டாலும் முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கில்லை. ஹீத்ரூவில் வாயில் இருந்தபோது, எத்துணைக் கடுமையாயினும், அங்கே ஓர் அதிகாரி கேட்டாக வேண்டும். அவருக்கு மேல் நீதிபதி கேட்டாக வேண்டும். வாயில் கடல் கடந்து வந்தது. கேட்கும் செவி அங்கேயே நின்றுவிட்டது. இக்கட்டுரையில் நாம் கூற விழைவது இவ்வொன்றே.

அச்செவி அங்கே எவ்வாறு கேட்டது என்பதையும் காண்போம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, ‘தக்க காரணமுள்ள அச்சம்’ உடையவரை அகதி என்கிறது. இத்தொடருக்கு உரை காணும் வாய்ப்பு 1987இல் ஆறு தமிழரின் வழக்கில் எழுந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம், அஞ்சுபவரின் நிலையில் நின்று நோக்க வேண்டும் என்றது. முகமூடிக் கள்வன் துப்பாக்கி நீட்டினால் வங்கிக் காசாளர் அஞ்சுவது நியாயமே; பின்னர் அது பொம்மைத் துப்பாக்கி என்று தெரியவந்தாலும் முன்னைய அச்சம் நியாயமற்றதாகிவிடாது என்று எடுத்துக்காட்டும் தந்தது. பிரபுக்கள் சபை அவ்வாண்டு டிசம்பரில் அதனை மாற்றி, ஆபத்து உண்மையில் நேரக்கூடுமா என்பதே அளவுகோல் என்றது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையே யாழ்ப்பாணத்தில் இந்தியப் படையும் விடுதலைப் புலிகளும் போரிட்டுக்கொண்டிருந்தனர் என்பதையும் நேயர்கள் நினைவுகூர்க.

இவ்விவாதம் ஷாஃபிஈ ஃபிக்ஹு கற்றோர்க்குப் புதியதன்று. கடும் அச்சத்தின்போது நடந்தபடியும் வாகனத்திலிருந்தபடியும் தொழும் சலுகை உண்டு. தொலைவில் கருநிழலொன்றைக் கண்டு பகைவர் என்றெண்ணி அவ்வாறு தொழுதோர், பின்னர் அது பகைவரன்று என்று தெரிந்தால் என் செய்வது? தொழுகையை மீட்டல் வேண்டும் என்பது வலுவான சொல். வேண்டியதில்லை என்பது மற்றொரு சொல். ஆகவே உண்மையை அளவுகோலாகக் கொண்டதற்காக மட்டும் பிரபுக்கள் சபையை நாம் குறைகூற முடியாது. நம் ஃபகீஹ்களும் அதனைக் கருதினர். வேறுபாடு மற்றொன்றில் உள்ளது. ஃபிக்ஹில் தீர்ப்பு, நிழல் இன்னதென்று தெளிந்த பின்னர் வருகிறது. அதன் விளைவு தொழுகையை மீட்டுவது. நிழலருகே சென்று அது பகைவர்தாமா என்று பார்த்து வா என எவரையும் அது திருப்பி அனுப்புவதில்லை.

அத்தமிழரோ அனுப்பப்பட்டனர். அக்காலச் சட்டப்படி அவர்களுக்கு மேல்முறையீட்டு உரிமை நாட்டைவிட்டு நீங்கிய பின்னரே கிடைக்கும். அவர்களுள் ஐவர் 1988 பிப்ரவரியில் இலங்கைக்குத் திரும்பினர். சிலர் அங்கே துன்புறுத்தப்பட்டதாகக் கூறினர். 1989இல் அவர்களின் முறையீட்டை விசாரித்த நடுவர், அச்சம் தக்க காரணமுடையதே என்று கண்டார். ஐவரும் பிரிட்டனுக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டனர். 1991இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவர்களை அனுப்பியதில் பிரிட்டன் உடன்படிக்கையை மீறவில்லை என்றே தீர்ப்பளித்தது. சட்டத்தின் கண்ணில் குற்றமில்லை என்பதை ஏற்போம். ஆயினும் அமர்ந்து கேட்ட ஒருவர்க்கு அச்சத்தின் உண்மை புலப்பட்டது என்பதும் அதே ஏட்டில்தான் உள்ளது. 1993ஆம் ஆண்டின் சட்டம், தஞ்சம் மறுக்கப்பட்டவர் நாட்டிலிருந்தபடியே மேல்முறையிடும் உரிமையைத் தந்தது. அந்நன்மைக்கும் நன்றி கூறுவோம்.

அடுத்த முப்பதாண்டுகளில் வாயில் இருபுறமும் நகர்ந்தது. ஒருபுறம் அது வீட்டுக்குள் புகுந்தது. 2012இல் உள்துறை அமைச்சராயிருந்த தெரசா மே, உரிய அனுமதியின்றித் தங்கியிருப்போர்க்குப் ‘பகைச் சூழல்’ உண்டாக்குவதே கொள்கை என்றார். 2014, 2016 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வீட்டுச் சொந்தக்காரரையும் வங்கியாளரையும் வாயிற்காவலராக்கின. விளைவு 2018இல் வெளிப்பட்டது. 1948இன் பொதுச்சொல்லை நம்பிச் சிறுபிராயத்தில் வந்து அங்கேயே நரைத்த மேற்கிந்தியர் பலர், தாளில்லை என்னும் காரணத்தால் வேலையையும் வீட்டையும் மருத்துவத்தையும் இழந்திருந்தனர். சிலர் நாடு கடத்தப்பட்டும் இருந்தனர். உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். பழைய விதி நீக்கப்பட்டபோது அதன்கீழ் வந்தோரின் உரிமைக்கு உரிய சான்றேட்டைக் காக்காமல் விட்டதன் பழி இது. 1973இல் ஐரோப்பாவுக்குத் திறந்த கதவும் 2016ஆம் ஆண்டின் பொதுவாக்கெடுப்புக்குப் பின், 2020 டிசம்பர் 31உடன் மூடப்பட்டது.

மற்றொரு புறம் வாயில் ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. சிறுபடகுகளில் வருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பி, அவர்களின் கோரிக்கையை அந்நாடே தீர்க்கும்படி 2022 ஏப்ரலில் ஓர் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. ருவாண்டா அதற்குப் பாதுகாப்பான நாடன்று என்று 2023 நவம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாய்க் கூறிற்று. உடனே அரசு, ருவாண்டாவைப் பாதுகாப்பான நாடெனக் கொள்ளவேண்டும் என்று 2024 ஏப்ரலில் ஒரு சட்டமே இயற்றிற்று. சட்டம் ஆணையிடலாம், விலக்கலாம். உள்ளதை இல்லாததாகவோ, இல்லாததை உள்ளதாகவோ ஆக்குமோ? காழியின் தீர்ப்பு வெளியுலகில் செல்லும், உள்ள உண்மையை மாற்றாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஃபிக்ஹின் முதல்நிலை மாணவரும் அறிந்த இவ்வுண்மையை ஒரு பெரிய நாடாளுமன்றம் மறந்தது வியப்பே. 2024 ஜூலையில் பதவியேற்ற புதிய அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

‘வீட்டுக்குக் கதவு வேண்டாமா? வந்தோரையெல்லாம் ஏற்கும் நாடு எது?’ என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. நம் ஃபிக்ஹும் எல்லையற்ற திறப்பைக் கூறவில்லை. ‘அமான்’ எனும் அபயம் பெற்று வருபவர்க்கு ஷாஃபிஈக்கள் நான்கு மாத எல்லை வகுத்தனர். ஆனால் அபயம் அளிக்கும் உரிமை ஆட்சியாளரிடம் மட்டும் இருக்கவில்லை. மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி என்னும் பெண்மணி தனியொருவராய் அளித்த அபயம் ஏற்கப்பட்டது. அரபு மொழியில் பாதுகாப்புப் பெற்றவரைக் குறிக்கும் ‘ஜார்’ என்னும் சொல்லே அண்டை வீட்டாரையும் குறிக்கும். நம் தமிழில் வழங்கும் ‘அகதி’ என்னும் சொல்லோ கதியற்றவர் என்று அவருடைய இன்மையை மட்டும் சுட்டுகிறது.

கதவு வேண்டும், நாம் மறுக்கவில்லை. கதவருகே செவியும் வேண்டும் என்பதே நம் வாதம். மக்காவின் கொடுமைக்கு அஞ்சி முஸ்லிம்கள் சிலர் ஏறத்தாழ கி.பி. 615இல் அபிசீனியாவுக்குச் சென்றபோது, அவர்களைத் திருப்பித் தரும்படி கேட்கக் குறைஷியர் தூதர் அனுப்பினர். தூதர் முதலில் அரசவையினர்க்குப் பரிசளித்து, அகதிகளை அரசர் விசாரிக்குமுன்னரே ஒப்படைத்துவிடும்படி பரிந்துரைக்கச் செய்தனர் என்று சீராவில் காண்கிறோம். கேளாமல் ஒப்படைக்கச் செய்வதே அன்றும் சூழ்ச்சியாய் இருந்தது. கிறிஸ்தவராகிய நஜ்ஜாஷி மன்னர் அதற்கு இணங்கவில்லை. இவர்களை அழைத்துக் கேட்ட பின்னரே முடிவு என்றார். ஜஅஃபர் இப்னு அபீதாலிப் பேசினார், மன்னர் கேட்டார், பின்னர் முடிவு செய்தார். கேட்டபின் மறுத்திருப்பினும் அவரை அநீதர் என்று கூற நமக்குத் தயக்கம் இருந்திருக்கும்.

பிறர் வீட்டுக் கதவைப் பழித்துவிட்டு நம் வீட்டுக் கதவைப் பாராதிருப்பது அறமன்று. 2021 அக்டோபரில் எண்பதுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழரை ஏற்றிய படகொன்று இந்துமாக்கடலில் பழுதாகி, அவர்கள் பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட டியேகோ கார்சியா தீவில் சேர்க்கப்பட்டனர். மூன்றாண்டுக்கு மேல் அவர்களுட் பலர் கூடாரங்களில் அடைபட்டுக் கிடந்தனர். 2024 டிசம்பரில் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களை அடைத்து வைத்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று அத்தீவுப் பகுதியின் நீதிமன்றமும் அதே மாதம் தீர்ப்பளித்தது. பிரிட்டனைக் குறைகூறுமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அப்படகு புறப்பட்டது இந்தியக் கரையிலிருந்து. உயிர் பிழைத்து நம்மிடம் வந்தோர் மீண்டும் கடலில் இறங்கத் துணிந்தது ஏன்?

இந்தியா 1951ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் நம்மிடம் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து தானும் பிள்ளை பெற்றுள்ளது. பெரும்பாலோர்க்குக் குடியுரிமை இல்லை. 2021இல் மாநில அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. சொல்லின் அருமையறிந்த செயல், அதனைப் பாராட்டுகிறோம். ஆயின் சொல் மாறிய அளவுக்கு நிலை மாறவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளையும் ஆறு சமயங்களையும் எண்ணிச் சொல்லிற்று. இலங்கை அவ்வெண்ணிக்கையில் இல்லை, முஸ்லிம்களும் இல்லை. பிரிட்டனின் சட்டங்கள் பொதுச்சொல்லுக்குள் சிறப்புக் குறியை மறைத்தன. இது மறைக்கவும் முற்படவில்லை. நம் இலக்கிய அன்பர்களும் தம்மைக் கேட்டுக்கொள்ளல் நன்று. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களைச் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றியபோது, அவர்கள் பேசியதும் தமிழே. அத்தமிழைக் கேட்கத் தமிழகத்தில் எத்தனை செவிகள் இருந்தன? உலகத்தையே ஊராகக் கொண்டாடும் கணியன் பூங்குன்றனாரின் வரியை மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவது எளிது, கேட்பது அரிது.

மறுப்புக் கடிதத்துடன் வந்த மாணவரின் வீட்டுக்கு மறுவாரம் நாமே சென்றோம். குழந்தை பிறந்துவிட்டது, கைப்பேசியில் அதன் முகத்தைக் காட்டினார்கள். மீண்டும் விண்ணப்பிப்பது என முடிவாயிற்று. “நான் திரும்பி வந்துவிடுவேன் ஹஜ்ரத். இங்கே இன்னும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே போய் நான் எப்படி இருப்பேன்? இதை யாரிடம் சொல்வது?” என்றார் அந்த அம்மையார். “எங்களிடம் சொல்லுங்கள்” என்றோம். அவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் எழுதினோம். பேராசிரிய நண்பர் அதனை ஆங்கிலமாக்கித் தந்தார். புதிய விண்ணப்பத்தில் வங்கிக் கணக்குக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் மேலே அத்தாளை வைத்திருக்கிறோம். அதனைப் படிக்க வேண்டும் என்னும் விதி எங்கும் இல்லை. படிக்கும் ஒருவர் கையில் அது சேர வேண்டுமென்றே இறைஞ்சுகிறோம்.